மூச்சும் முயற்சியும்

உணவின்றி மனிதன் சில கிழமைகள் உயிர் தாங்குதல் கூடும். நீரின்றிச் சில நாள்கள் தாங்குதல் கூடும். மூச்சின்றியோ சில நிமிடங்களே. இவ்வுண்மையை அறியாதார் இலர். எனினும், மூச்சை இயக்குவனவும் தசைகளே என்பதையும், ஏனைய தசைகளைப் போல அவையும் உழைப்பால் வலிமை பெறும், உழைப்பின்றேல் மெலியும், அளவு மீறின் களைக்கும் என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். ஓடுவோன் தன் காலைப் பழக்குகின்றான். படகு வலிப்போன் தன் தோளைப் பழக்குகின்றான். மூச்சையோ இருவரும் தானே நடப்பதொன்றென விட்டுவிடுகின்றனர். மூச்சுத் தசைகளுக்குத் தடை கொடுத்துப் பழக்கும் பயிற்சியும், உடல் முழுவதையும் நெடுநேரம் சீராக உழைப்பிக்கும் பயிற்சியும் ஒருங்கு சேருமிடத்து உடலின் தாங்குவலு பெருகும் என்பது அண்மைக்கால உடற்றொழிலியல் கண்ட முடிபாகும். முன்னையதைத் தடைமூச்சுப் பயிற்சி என்றும், ஏரோபிக் என இக்காலத்தார் வழங்கும் பின்னையதை நீடுழைப்புப் பயிற்சி என்றும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்பதை விளக்குதற்கு மன்னார்க் கடலோரத்தினும் பொருத்தமான களம் கிடைத்தல் அரிது.

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கி வடக்கே செல்லும் ஏ-32 நெடுஞ்சாலையில், விடத்தல்தீவை அடையுமுன் வருவது பாப்பாமோட்டை. பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரம் அதற்குத் தெற்கே உள்ளது. நிலப்பக்கம் வயலும் பற்றைக்காடும்; கடற்பக்கம் உவர்நிலமும் கண்டற்காடும்; அவற்றுக்கப்பால் ஆழம் குறைந்த பாக்கு விரிகுடா. இத்தகைய கடலிலே கோலூன்றி வள்ளம் தள்ளுதலும், இடுப்பளவு நீரில் நின்று வலை இழுத்தலும் உடல் முழுவதையும் மணிக்கணக்கில் உழைப்பிக்கும் வேலைகள். மன்னார்த் தீவுக்குத் தெற்கே கடலின் தன்மை வேறு. அங்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி எனத் தொடரும் கரைக்கு எதிரே மன்னார் வளைகுடா விரிகின்றது. பழம்பெரும் முத்துச் சலாபங்கள் அமைந்திருந்தது அவ்வளைகுடாவிலேதான். மூச்சையே முதலாக வைத்து மனிதர் தொழில் நடத்திய இடம் அது.

1905ஆம் ஆண்டில் நடந்த முத்துக்குளிப்பு மிகப் பெரியது. அடுத்த ஆண்டிலே சலாபங்கள் ஒரு தனியார் கம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டன. அவ்வாண்டின் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளுள் பின்னாளிற் பெயர்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ஃபும் ஒருவர். குளிப்போருள் இக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரையாரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் இருந்தனர். கயிற்றிற் கட்டிய கல்லொன்றிற் காலை வைத்து, மூக்கை விரலாற் பொத்தி, குளிப்பவன் கீழே இறங்குவான். அராபியர் மாத்திரம் கொம்பினாற் செய்த கவ்வியை மூக்கிலே மாட்டிக்கொள்வர். ஐந்து முதல் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்தில், 50 முதல் 80 விநாடிக்குள், கையிற் கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பான், மேலிருப்பவன் இழுத்தெடுப்பான். ஒருவன் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை மூழ்குவான் என 1803இல் வெளிவந்த தமது நூலில் ரொபேட் பேர்சிவல் எழுதியுள்ளார். மேலே வந்தவனுடைய வாயிலும் மூக்கிலும் காதிலும் சில வேளை குருதி வடிந்ததையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. முத்தின் விலையில் இக்குருதியும் அடங்கியிருந்தது.

இத்தொழிலை மூச்சடக்கும் வித்தை என்று மாத்திரம் கருதுதல் தவறு. மூழ்கும் நேரம் ஒரு நிமிடம். அடுத்த முறை மூழ்கும்வரை நீர்மேல் மிதந்து இளைப்பாறும் நேரம் அதனினும் அதிகம். கழுத்தளவு நீரில் நிற்பவனுடைய மார்பை நீர் எப்பக்கமும் அழுத்துகின்றது. அவ்வழுத்தம் சராசரியாக 20 சதமமீற்றர் உயரமுள்ள நீர்நிரலின் அழுத்தத்துக்குச் சமம். அதனை எதிர்த்தே ஒவ்வொரு முறையும் மார்பு விரிதல் வேண்டும். தரையிலே எளிதாக நடக்கும் மூச்சு நீரிலே சுமை தூக்கும் வேலையாகின்றது. நீந்துதல், கயிற்றைப் பற்றி ஏறுதல், நிறைந்த வலைப்பையைக் கையாளுதல் ஆகியன இதனோடு சேர்கின்றன. எனவே தடைமூச்சும் நீடுழைப்பும் ஒரே தொழிலில், ஒரே உடலில், நாள்தோறும் இணைந்தன எனக் கருத இடமுண்டு. யப்பானிலும் கொரியாவிலும் மூச்சடக்கி மூழ்கும் பெண்களின் உடலியலை ஆராய்ந்த அறிஞர்கள் 1965இல் ரோக்கியோவிற் கூடித் தம் முடிபுகளை வெளியிட்டனர். அப்பெண்களுள் ஆராயப்பட்டோர் ஒத்த வயதும் உடலமைப்பும் உடைய பிறரினும் மிகுதியான காற்றை உள்ளிழுக்க வல்லவராயிருந்தனர். நீர்மேல் வந்தவுடன் உதட்டைக் குவித்துச் சீழ்க்கை ஒலியோடு மூச்சைவிடுவது அவர்களுடைய வழக்கம். குவிந்த உதடும் ஒரு தடையே.

இனி மூச்சின் பொறிமுறையை நோக்குதல் தகும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடை போல் விரிந்து கிடக்கும் தசை பிரிமென்றகடு எனப்படும். அது சுருங்கிக் கீழிறங்கும்போது மார்பறை விரிகின்றது, காற்று உட்புகுகின்றது. விலா என்புகளுக்கு இடையேயுள்ள பழுவிடைத் தசைகள் இதற்குத் துணைசெய்கின்றன. ஓய்ந்திருக்கும்போது வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை, முறைக்கு ஏறத்தாழ அரை இலீற்றராக, 6 முதல் 8 இலீற்றர் வரை காற்றை உள்வாங்குகின்றார். விரைந்தோடும்போது இது 100 இலீற்றரையும் கடக்கும். ஓய்வில் மூச்சுத் தசைகள் உடலின் ஒட்சிசனில் மிகச் சிறு பங்கையே செலவிடுகின்றன; உச்ச உழைப்பில் அவற்றின் செலவு பத்து வீதத்தை எட்டும்; தேர்ந்த வீரரிடத்தில் பதினைந்து வீதம் வரை உயர்தலும் உண்டு.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. இருதயம் ஒரு நிமிடத்திற் செலுத்தக்கூடிய குருதிக்கு ஓர் எல்லையுண்டு. அதனைக் காலும் கேட்கின்றது. மூச்சுத் தசையும் கேட்கின்றது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தெம்ப்சி, ஹாம்ஸ் முதலிய அறிஞர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் புகழ்பெற்றது. பயிற்சி பெற்ற துவிச்சக்கரவண்டி வீரர் உச்ச வேகத்தில் மிதிக்கும்போது அவர்தம் மூச்சுக்குப் பொறியொன்றினால் உதவி செய்தனர். கால்களுக்குச் செல்லும் குருதி கூடிற்று. மூச்சுக்குத் தடை கொடுத்தனர். கால்களின் குருதி குறைந்தது. மூச்சுத் தசை களைக்கும்போது அதில் எழும் நரம்புக் குறிப்பு மூளைக்குச் சென்று, கை கால்களின் குருதிக்குழாய்களைச் சுருங்கச் செய்கின்றது. உயிர் காக்கும் தசைக்கு முதலிடம். ஓடும் தசைக்கு அடுத்த இடம் என்பதே இயற்கையின் ஒழுங்கு. போட்டியின் கடைசிச் சுற்றிலே மாணவன் ‘கால் இழுக்கின்றது’ என்பான். காலை இழுத்து நிறுத்துவதில் மூச்சுத் தசையின் களைப்புக்கும் பங்குண்டு.

மூச்சுத் தசை பயிற்சியால் வலிமை பெறுமா? ஆம் என 1976இல் லீத், பிராட்லி என்னும் இருவர் நிறுவினர். ஐந்து கிழமைப் பயிற்சியின் பின், வலிமைப் பயிற்சி பெற்றோரின் மூச்சுத் தசை வலிமை ஏறத்தாழ 55 வீதம் கூடிற்று. வலிமைக்குப் பழகியோர் வலிமையையும், நீடித்த மூச்சுக்குப் பழகியோர் நீடித்த மூச்சையும் பெற்றனர். எதனைப் பழகுகின்றோமோ அதுவே வாய்க்கும் என்னும் விதி கைகால்களுக்குப் போல மூச்சுக்கும் உரியதாயிற்று. 2001இல் வெளியான பிறிதோர் ஆய்வு படகு வலிக்கும் பெண்கள் 14 பேரைக் கொண்டது. பதினொரு கிழமையின் பின், ஆறு நிமிட முழுமுயற்சியிற் கடந்த தூரம் தடைமூச்சுப் பயிற்சி பெற்றோரிடத்து 3.5 வீதமும், பெயரளவான தடையோடு பழகியோரிடத்து 1.6 வீதமும் கூடிற்று.

2008இல் வெளியான எட்வேட்ஸ் குழுவினரின் ஆய்வு இரு பயிற்சிகளின் சேர்க்கையையே நேராகச் சோதித்தது. இரு சாராரும் நான்கு கிழமை ஒரே வகையான ஓட்டப் பயிற்சி பெற்றனர். ஒரு சாரார் அதனோடு தடைமூச்சுப் பயிற்சியும் செய்தனர். 5,000 மீற்றர் ஓட்டத்திலே ஓட்டம் மாத்திரம் பழகியோர் ஏறத்தாழ 2 வீதமும், இரண்டையும் பழகியோர் 4 வீதத்துக்குச் சற்று மேலும் முன்னேறினர். நான்கு வீதம் சிறிதெனத் தோன்றலாம். அத்தூரத்தை 20 நிமிடத்தில் ஓடுவோனுக்கு அது 48 விநாடி. பரிசு பெறுவோனுக்கும் பெறாதோனுக்கும் இடையே பெரும்பாலும் அத்துணை இடைவெளி இருப்பதில்லை. 2012இல் இத்துறை ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியோர், பயிற்சி குறைந்தோரே மிகுந்த பயன் பெறுகின்றனர் என்றும், நெடுநேர உழைப்பிலேயே பயன் மிகுதியாகத் தெரிகின்றது என்றும் கண்டனர். ஆதலின் இது தேர்ந்த வீரர்க்கே உரிய நுட்பமன்று. நாட்டுப்புறப் பாடசாலை மாணவனுக்கும் உரியது.

ஆயினும் தடைமூச்சுப் பயிற்சி செய்யாததையும் சொல்லுதல் நேர்மை. அது மாத்திரம் இருதயத்தை வலுப்படுத்துவதில்லை. உடல் ஒரு நிமிடத்திற் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு பெரும்பாலும் அதனால் உயர்வதில்லை. அவ்வளவை உயர்த்துவது ஓட்டமும் நீச்சலும் துவிச்சக்கரவண்டிச் சவாரியுமே. அவை இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் வெளிப்படும் குருதியைக் கூட்டுகின்றன. தசைகளிலே மயிர்த்துளைக் குழாய்களைப் பெருக்குகின்றன. கொல்லனுடைய உலைக்களத்தை உவமையாகக் கொள்ளலாம். துருத்தி வலிதாயினும் உலையிற் கரியில்லையேல் இரும்பு பழுக்காது. கரி நிறைந்திருந்தும் துருத்தி தளர்ந்தால் தீ மூளாது. துருத்தியைப் பழக்குவது தடைமூச்சு. உலையைப் பெருப்பிப்பது நீடுழைப்பு. ஒன்றைச் செய்து மற்றதை விடுவோன் பாதிப் பயனே பெறுவான்.

மூச்சைப் பயிலுதல் தமிழர்க்குப் புதியதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே பிராணாயாமத்தை விரித்துரைக்கின்றார். பூரகத்துக்குப் பதினாறும், கும்பகத்துக்கு அறுபத்து நான்கும், இரேசகத்துக்கு முப்பத்திரண்டும் மாத்திரை அளவு எனக் கொள்வது அந்நெறி. ஒரு நாசியை அடைத்து மற்றதால் இழுத்தலும், உச்சாயி எனும் முறையிலே தொண்டையை ஒடுக்கி ஒலியெழ மூச்சு விடுதலும், இக்கால நோக்கில், காற்றின் வழியைச் சுருக்கித் தடை உண்டாக்குதலேயாம். யோகப் பயிற்சிகளை ஆய்வுகூடத்திற் சோதிக்கும் பணியை 1924இலேயே லோனாவ்லாவிற் கைவல்லியதாம நிலையத்தை அமைத்துச் சுவாமி குவலயானந்தர் தொடங்கினார். எனினும் பிராணாயாமத்தின் நோக்கம் மனவொடுக்கம், ஓட்டப்போட்டியன்று. அதன் கும்பகத்தைக் குருவின் துணையின்றி விளையாட்டுப் பயிற்சியாக்குதல் நெறியுமன்று, நலமுமன்று.

கோயிலிலே ஒலிக்கும் சங்கும் நாகசுரமும் வேறொரு வகையிற் சான்று பகர்கின்றன. இவை வெளிமூச்சுக்குத் தடை கொடுப்பவை. மன்னார்க் கடலின் சங்கு நெடுங்காலமாகப் பிற நாடுகளுக்குச் சென்ற பொருள். அத்தகைய சங்கை ஊதுவோன் வயிற்றுத் தசைகளையும் கன்னத்தையும் தொண்டையையும் ஒருங்கே உழைப்பிக்கின்றான். இந்தியாவின் செய்ப்பூர் நகரத்து மருத்துவர்கள் 2025இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாளர் 30 பேரைக் கொண்டது. ஆறு மாதம் சங்கூதப் பழகியோரின் பகல்நேரத் தூக்கமயக்கம் குறைந்தது; இரவிலே மூச்சுத் தடைப்படும் தடவைகளும் குறைந்தன. சிறிய ஆய்வேயாயினும், தொண்டைத் தசையும் பழக்கத்துக்கு இணங்கும் என்பதற்கு அது குறியாகும்.

நீடுழைப்பிலும் மூச்சொழுங்கிலும் ஈழத்தமிழர் அடைந்த உயர்வுக்குப் பாக்கு நீரிணையே சாட்சி. 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை நீந்திக் கடந்தார். அதற்கு அவர் எடுத்த நேரம் ஏறத்தாழ 27 மணித்தியாலம். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். நீந்துவோன் நினைத்தபோது மூச்செடுத்தல் இயலாது. கை வீச்சின் ஒழுங்குக்குள், நீர் மார்பை அழுத்தும் நிலையிலே, விரைவாக இழுத்து மெதுவாக விடுதல் வேண்டும். தடையும் உழைப்பும் பிரிக்கவொண்ணாதபடி கலந்த பயிற்சி நீச்சலினும் வேறில்லை.

இனிப் பயிலும் முறை. தடைமூச்சுக்கெனச் செய்த சிறு கருவிகள் உண்டு. வாயிற் பொருத்தி இழுக்கும்போது உள்ளிருக்கும் வில் காற்றைத் தடுக்கும்; தடையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஒருவன் தன் முழுவலிமையோடு இழுக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியைத் தடையாக வைத்து, காலையில் முப்பது மூச்சு, மாலையில் முப்பது மூச்சு எனப் பழகுதலே ஆய்வுகளிற் பெருவழக்கு. நிமிர்ந்திருந்து, விரைவாக நிறைய இழுத்து, அவசரமின்றி விடல் வேண்டும். தலை சுற்றினால் நிறுத்தி இயல்பான மூச்சுக்குத் திரும்புதல் வேண்டும். எளிதாகத் தோன்றியதும் தடையைச் சிறிது கூட்டலாம். ஆறு கிழமையிற் பயன் தெரியும். கருவி வாய்க்காதோர் கழுத்தளவு நீரிலே, காவலுக்கு ஒருவர் இருக்க, ஆழ்ந்து மூச்செடுத்து நிற்பதும், நாள்தோறும் நீந்துவதும் இயற்கை தரும் தடைப்பயிற்சியாகும். முகத்தை மூடிக் கட்டும் சில கவசங்கள் மலையுச்சிக் காற்றைத் தருமெனக் கூறி விற்கப்படுகின்றன. அவை தடையைத் தருமேயன்றிக் காற்றிலுள்ள ஒட்சிசனின் அழுத்தத்தை மலையுச்சியிற் போலக் குறைப்பதில்லை.

தடைமூச்சை ஓட்டத்தோடு ஒரே வேளையிற் செய்தல் வேண்டியதில்லை. அதனைத் தனியே இருந்து செய்து, நீடுழைப்பை வேறு வேளையிற் செய்தலே தொடங்குவோர்க்கு ஏற்றது. நீடுழைப்பின் அளவுக்குக் கருவி வேண்டா: ஓடும்போது பேச முடிதல் வேண்டும், பாட முடிதல் ஆகாது, அதுவே நடுத்தர வேகம். வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரையும், சிறுவர் நாளுக்குச் சராசரி ஒரு மணித்தியாலமும் இவ்வாறு உழைத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. பாப்பாமோட்டை வழியாகச் செல்லும் சமதரைச் சாலையிலே காலை வெயிலுக்கு முன் ஓடுதலோ துவிச்சக்கரவண்டி மிதித்தலோ செலவில்லாப் பயிற்சி. ஈளை நோயுடையோர், இருதய நோயுடையோர், முன்னர் நுரையீரல் சுருங்கி வருந்தியோர், காதுச்சவ்வு பழுதுற்றோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாது தடைமூச்சைத் தொடுதலாகாது.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய எச்சரிக்கை ஒன்று. தடைமூச்சு வேறு, நீருக்கடியில் மூச்சடக்குதல் வேறு. குளத்திலும் கடலிலும் ‘யார் நெடுநேரம் மூழ்கியிருப்பார்’ எனச் சிறுவர் பந்தயம் வைப்பது வழக்கம். மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாமென அவர்கள் கண்டுகொள்கின்றனர். உண்மை யாதெனில், ‘மூச்செடு’ என்று உடலைத் தூண்டுவது பெரும்பாலும் ஒட்சிசனின் குறைவன்று. குருதியிற் சேரும் காபனீரொட்சைட்டின் பெருக்கமே. வேகமூச்சு காபனீரொட்சைட்டை வெளியேற்றுகின்றதேயன்றி ஒட்சிசனைக் குறிப்பிடத்தக்க அளவிற் கூட்டுவதில்லை. எனவே எச்சரிக்கும் மணி ஒலிக்குமுன் ஒட்சிசன் தீர்ந்துவிடுகின்றது. மேலேறும்போது நீரழுத்தம் குறைய, நுரையீரலிலுள்ள ஒட்சிசனின் அழுத்தமும் சடுதியில் வீழ்கின்றது. மூழ்கியவன் துன்பமேதும் உணராமலே நினைவிழக்கின்றான். நீரிலே நினைவிழந்தவன் அடுத்து இழுப்பது நீரையே. 1961இல் அல்பேட் கிரெய்க் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வகை விபத்துகளைத் தொகுத்து விளக்கினார். அவருட் பலர் நன்கு நீந்தத் தெரிந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. நீந்தத் தெரியாமையன்று, மூச்சின் இயல்பை அறியாமையே அவர்க்குப் பகையாயிற்று.

முத்துச் சலாபங்கள் இன்று ஓய்ந்துவிட்டன. சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்குவோர் பலர் முதுகிற் சிலிண்டரைச் சுமந்து செல்கின்றனர். அதனை ‘ஒட்சிசன்’ எனச் சிலர் வழங்கினும் உள்ளிருப்பது அமுக்கிய சாதாரணக் காற்றே. நெடுநேரம் ஆழத்திலிருந்து விரைந்து மேலேறினால், குருதியிற் கரைந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டையும் முதுகுநாணையும் தாக்கும். கருவி மாறியது, கடலின் சட்டம் மாறவில்லை. அன்று மூச்சின் அளவே குளிப்போனை மேலே அழைத்தது. இன்று அறிவே அழைத்தல் வேண்டும்.

மூச்சை வலிந்து அடக்குதல் வீரமன்று. அதனைத் தாங்கும் தசையை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்கி, அத்தசை தரும் காற்றைப் பயன்கொள்ளும் உடலையும் உடன் வளர்த்தலே அறிவுடைமை. கோலூன்றும் கையும் காற்றிழுக்கும் மார்பும் ஒருங்கே உழைத்த கடலோரத்தின் பிள்ளைகளுக்கு இது அயல்நாட்டுப் பாடமன்று. முன்னோர் பிழைப்புக்காகப் பட்ட பாட்டினைப் பின்னோர் நலத்துக்கான பயிற்சியாக்குதல் கூடும். அதற்கு வேண்டுவன நிமிர்ந்த முதுகும், முப்பது மூச்சும், காலை வேளையும், விடாமுயற்சியுமே.